நான்கு விரல் கீழே

ஒரு பொருளை அது உண்டான நாளில் இருந்தபடியே காப்பாற்றுவது அந்தப் பொருளுக்குச் செய்யும் மரியாதையா, அல்லது அதன் பக்கத்தில் வாழும் மனிதருக்குச் செய்யும் அலட்சியமா? டேப்புக்காரரின் வாழ்க்கையைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி வராமல் இருந்திருக்காது. அவருக்கு வந்ததாகத் தெரியவில்லை. அவர் பேருந்துகளுக்கு பாடி கட்டும் பட்டறையில் வேலை பார்த்தவர். கேள்விகளை அவர் அங்குலத்தில்தான் கேட்பார்.

டேப்பு என்பது பட்டறை வைத்த பெயர். இடுப்பில் சுருள் டேப் ஒன்று எப்போதும் தொங்கும். எஃகு நாக்கு சர்ரென்று வெளியே வருவதும் டக்கென்று உள்ளே போவதும் அவர் வருகைக்கு அடையாளம். கல்யாணமான முதல் வாரம், சமையலறை அலமாரி எட்டவில்லை, ஒரு ஸ்டூல் வாங்கித் தாருங்கள் என்று மனைவி கேட்டார். டேப்புக்காரர் ஸ்டூல் வாங்கவில்லை. மனைவியைக் கையைத் தூக்கச் சொல்லி அளந்தார். மறுநாள் வேலை முடிந்து வந்து மூன்று அலமாரிகளையும் பிடுங்கி, அவர் கை எட்டும் உயரத்தில் மறுபடி அடித்தார். அதற்குப் பிறகு அந்தச் சமையலறையில் டேப்புக்காரர்தான் குனிய வேண்டியிருந்தது. நெற்றியில் பலமுறை இடித்துக்கொண்டார். அலமாரியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

மனைவிக்கு அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. மூச்சை இழுங்க, அடக்குங்க, அசையாதீங்க, விடுங்க என்று நாள் முழுக்கச் சொல்வதால் அங்கே அவருக்கும் ஒரு பெயர் இருந்தது: மூச்சம்மா. வீட்டில் டேப்பு, மூச்சம்மா இருவர்தான். மனைவியின் தம்பி அதே பட்டறையில் வெல்டர். இரண்டு தெரு தள்ளி இருந்தான். சாப்பாட்டு நேரத்தைச் சரியாகக் கணக்குப் பண்ணி வருவான்.

பாடி கட்டும் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. இருக்கை சம்பந்தப்பட்ட எல்லா அளவுகளையும் வெறும் இரும்புச் சட்டத்திலிருந்துதான் எடுப்பார்கள். மேலே போடும் குஷன் வேறு பிரிவின் பொறுப்பு. இன்று ஒரு தடிமனில் வரும், நாளை வேறு தடிமனில் வரும். மெத்தையை நம்பி அளக்காதே என்பது அங்கே புதிதாகச் சேர்பவர்களுக்குச் சொல்லப்படும் முதல் பாடம். டேப்புக்காரர் அதை எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

கார் அவரிடம் வந்தது தற்செயலாக. மூடிக்கிடந்த ஓர் அச்சகத்தின் கிடங்கைக் காலி செய்தபோது காகிதக் கட்டுகளுக்குப் பின்னால் அது இருந்தது. கூரையில்லாத, இரண்டே பேர் உட்காரக்கூடிய, நாய்க்குட்டி மாதிரி தரையோடு தரையாகப் பதுங்கும் பழைய ஸ்போர்ட்ஸ் கார். மழை வந்தால் இழுத்து மாட்டிக்கொள்ள ஒரு துணிக்கூரை. அதை எலி தின்றிருந்தது. தரைத்தகரத்தில் கால் வைத்தால் கால் பூமியைத் தொட்டது. கிடங்குக்காரர் எடுத்துக்கொண்டு போனால் போதும் என்றார். வெல்டர் பார்த்துவிட்டு, இதில் கார் எங்கே இருக்கிறது, துருதானே நிற்கிறது என்று கேட்டான்.

அதைச் சரிசெய்ய எட்டு வருடம் பிடித்தது. டேப்புக்காரர் தனக்கு ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்: தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த அன்று அதில் இல்லாத எதுவும் இப்போதும் இருக்கக் கூடாது. தலையில் ஒற்றைக் கோடு போட்ட திருகாணிதான் அந்தக் காலத்தில் போட்டார்கள் என்று தெரிந்ததும், ஏற்கனவே முடுக்கியிருந்த கூட்டல்குறித் திருகாணிகளை எல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஹாரன் பொத்தான் ஒன்றுக்காக ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்தார். அதுவரை காருக்கு ஹாரன் இல்லை. இதைப் பொறுமை என்று சிலர் புகழ்ந்தார்கள். பிடிவாதத்துக்கும் பொறுமைக்கும் வெளியிலிருந்து வித்தியாசம் தெரிவதில்லை. அவர் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்றால் மூன்று கால்தான்.

அந்த எட்டு வருடமும் மூச்சம்மா கூட இருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது பாதிக்குப் பாதி அவர் கை. காருக்கு அடியில் கணவர் படுத்திருக்கும்போது டார்ச் பிடித்தவர் அவர். பச்சைப் பெயிண்டின் சரியான நிறத்தைக் கண்டுபிடித்ததும் அவர்தான். கதவின் கீல் மறைவில் வெயில் படாமல் ஒட்டியிருந்த ஒரு துளியைக் காட்டினார். அதை வைத்துத்தான் நிறம் கலந்தார்கள். இரண்டு இருக்கையில் ஒன்று யாருக்கு என்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை. பேச என்ன இருக்கிறது?

கார் ஓடத் தொடங்கிய ஞாயிற்றுக்கிழமை மூச்சம்மா புதுச் செருப்புப் போட்டுக்கொண்டு வந்து ஏறி உட்கார்ந்தார். வாசலைத் தாண்டித் தெருவுக்குள் திரும்பும்போது பக்கவாட்டில் குனிந்து பார்த்தார். இடது கையால் தோளுக்கு மேல் எதையோ தேடினார். பிறகு நிறுத்தச் சொன்னார்.

"இதுல பெல்ட் எங்கே?"

இந்தக் காருக்கு பெல்ட் கிடையாது என்றார் டேப்புக்காரர். அந்தக் காலத்தில் வைக்கவில்லை.

மூச்சம்மா இறங்கி வீட்டுக்கு நடந்து போனார். புதுச் செருப்பு கடித்ததால் கொஞ்சம் நொண்டிக்கொண்டு.

அன்று மத்தியானம் வாக்குவாதம் நடந்தது. அந்த வீட்டில் வாக்குவாதம் என்றால் குரல் உயராது. ஒருவர் சொல்வார், மற்றவர் தட்டு கழுவுவார், பிறகு மாற்றிச் செய்வார்கள். தினமும் எக்ஸ்ரே மேசையில் யாரைப் படுக்கவைக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியாது என்றார் மூச்சம்மா. தோளில் பட்டை போட்டவர்களின் படம் எப்படி இருக்கும், போடாதவர்களின் படம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். டேப்புக்காரர் தன் பக்கத்தைச் சொன்னார். அந்தக் காரில் கதவுக்குப் பின்னால் தூண் இல்லை, கூரை இல்லை, தோள்பட்டையை மாட்ட ஓர் இடமும் இல்லை. மாட்ட வேண்டுமென்றால் இருக்கைக்குப் பின்னாலுள்ள தகரச் சுவரில் துளை போட வேண்டும். எட்டு வருடம் பார்த்துப் பார்த்துச் செய்த தகரத்தில். மேலும் திறந்த கார் கவிழ்ந்தால் கட்டிப்போட்டவன் அடியில் மாட்டிக்கொள்வான், கட்டாதவன் தூக்கி எறியப்பட்டுத் தப்பிப்பான் என்று பழைய கார்க்காரர்கள் சொல்வதையும் எடுத்துச் சொன்னார்.

"எறியப்பட்டவங்க எங்க போறாங்கன்னு நெனச்சீங்க? என் மேசைக்குத்தான் வர்றாங்க."

மடிப்பட்டை மட்டும் போடலாமா என்று ஒரு வாரம் கழித்து டேப்புக்காரர் கேட்டார். அதை அடித்தரையில் முடுக்கலாம், மேலே கம்பளம் மூடிவிடும், வெளியே ஒரு துளையும் தெரியாது. மூச்சம்மா யோசிக்காமலே வேண்டாம் என்றார். மடியில் மட்டும் கட்டினால் உடம்பு அங்கே மடங்கும், முகம் டேஷ்போர்டில் போய் முட்டும். தோளில் குறுக்கே போட்டால் ஏறுகிறேன். இல்லையென்றால் நீங்கள் போய்விட்டு வாருங்கள், நான் வாசலில் நின்று பார்க்கிறேன். அதற்குமேல் இரண்டு பேரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஞாயிறுதோறும் டேப்புக்காரர் தனியாகப் போனார். வழியில் ஏதாவது கழன்றால் என்ன செய்வது என்று ஸ்பேனர் பெட்டியைப் பக்கத்து இருக்கையில் வைத்துக்கொண்டார். மூச்சம்மா சொன்னபடி வாசலில் நின்று பார்த்தார். சில மாதங்கள் இப்படியே போயின. வெல்டரால்தான் சும்மா இருக்க முடியவில்லை. தெருமுனையில் காரை மறித்து, என்ன மாமா, அக்கா இளைச்சுப் போய் சதுரமாயிட்டாங்களே என்று பெட்டியைத் தடவிக்கொடுத்தான். டேப்புக்காரர் ஹாரன் அடித்தார். ஒரு வருடம் காத்திருந்து வாங்கிய பொத்தான் அதற்குத்தான் முதன்முதலில் உபயோகப்பட்டது.

அவர் மனம் மாறியதற்குக் காரணம் ஒரு சைக்கிள். சந்திலிருந்து திடீரென்று குறுக்கே வந்தது. டேப்புக்காரர் பிரேக்கை மிதித்தார், கார் நின்றது, சைக்கிள்காரர் திட்டிவிட்டுப் போனார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஸ்பேனர் பெட்டி இருக்கையில் இல்லை. அது பாய்ந்து டேஷ்போர்டில் மோதி, அங்கே ஒரு மூலைப்பள்ளம் போட்டுவிட்டு, கால் வைக்கும் இடத்தில் தலைகீழாகக் கிடந்தது. இஞ்சினை நிறுத்திவிட்டு அவர் அந்தப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு வழக்கம்போல டேப்பை எடுத்தார். தரையிலிருந்து பள்ளம் எவ்வளவு உயரம், இருக்கையிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்தார். அந்த உயரத்தில் வந்து முட்டப்போவது யாருடைய முகம் என்று கணக்குப் போட அவருக்கு நேரம் ஆகியிருக்காது.

வீட்டில் அதைச் சொல்லவில்லை. டேஷ்போர்டை மெத்தைத்துணியால் மூடிவைத்தார். சொன்னால் தோற்றதாகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. வேலையை முடித்துவிட்டு, வா, ஏறு என்று மட்டும் சொல்லலாம் என்பது அவர் திட்டம். அதற்கு மனைவியின் தோள் உயரம் தெரிய வேண்டும். மறுநாள் மாலை மூச்சம்மா சாப்பாட்டு மேசை நாற்காலியில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது பின்னால் போய் நின்றார். தோளில் எறும்பு ஊர்கிறது என்றார். தட்டிவிடுகிற பாவனையில் நாற்காலிப் பலகையிலிருந்து தோள்வரை டேப்பை நீட்டினார். அந்த எண்ணை மனதுக்குள் சொல்லிக்கொண்டே கார் நிற்கும் கொட்டகைக்குப் போனார்.

துளை போடும் நாளில் வெல்டரைக் கூப்பிட்டிருந்தார். தகரத்தில் வெறும் துளை போட்டு போல்ட்டை மாட்டினால் இழுவையில் தகரம் கிழிந்துவிடும். அதனால் பின்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குக் கனமான இரும்புத்தகடு வைத்து, அதில் நட்டைப் பற்றவைத்து, தகரத்தின் மேல்விளிம்பிலுள்ள சதுர இரும்புக்குழாயோடு இணைக்க வேண்டும். இழுவை வந்தால் தகடு மொத்தமும் அதைத் தாங்கிக்கொள்ளும். இதில் இரண்டு பேருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. வேலைக்கு இடைஞ்சலாக இருந்ததால் இருக்கைகளின் குஷனைக் கழற்றி வெளியே வைத்தார்கள். டேப்புக்காரர் வெறும் சட்டத்திலிருந்து டேப்பை நீட்டி, மனதிலிருந்த எண்ணுக்கு நேராக, மனைவி உட்காரும் பக்கத்தில் பென்சிலால் குறி போட்டார். துரப்பணத்தைத் தகரத்தில் வைத்தவர் கொஞ்ச நேரம் பொத்தானை அழுத்தவில்லை. வெல்டர் ஏதோ கிண்டல் சொல்ல வாயெடுத்து, முகத்தைப் பார்த்துவிட்டு, தகட்டைத் தேய்க்கப் போய்விட்டான். சத்தம் கேட்டது. பச்சைச் சுருளாகப் பெயிண்டும் வெள்ளைச் சுருளாகத் தகரமும் வந்து விழுந்தன.

எல்லாம் முடிந்து குஷனை மாட்டியபின் மூச்சம்மாவைக் கூப்பிட்டார். கழுத்தில் துண்டோடு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தவர், பெல்ட்டைப் பார்த்தார். ஏறி உட்கார்ந்தார். பட்டையைக் குறுக்கே இழுத்து இடுப்பருகே மாட்டினார். க்ளிக் என்ற சத்தம் கேட்டு வெல்டர் கைதட்டினான்.

மூச்சம்மா சிரிக்கவில்லை. வலது கையால் இடது தோளுக்கு மேலே தடவி, பட்டை பின்னால் போகும் வழியைப் பின்தொடர்ந்தார். தோளைத் தாண்டியதும் அது இறங்கியது. குஷன் அவரைத் தூக்கிவிட்டிருந்தது. போல்ட் அவர் தோளுக்கு நான்கு விரல் கீழே இருந்தது.

"கீழே இருக்கு. நான் முன்னால பாஞ்சா இது என்னைப் பிடிக்காது, தோளைக் கீழே அமுக்கும். தோளோட முதுகெலும்பும் அமுங்கும். அந்தப் படமும் பாத்திருக்கேன்."

டேப்புக்காரர் குனிந்து பார்த்தார். பிறகு குஷனைப் பார்த்தார். தான் செய்தது என்ன என்று அவருக்குப் புரிய ஒரு கணம் போதும். மெத்தையை நம்பி அளக்காதே என்று ஊருக்கெல்லாம் சொன்ன வாய்; கையும் அதே பழக்கத்தில் வெறும் சட்டத்திலிருந்தே அளந்துவிட்டது. இருந்தும் டேப்பை எடுத்து, அளக்கத் தேவையில்லாத அந்த நான்கு விரலை ஒருமுறை அளந்தார். காரை பஸ் என்று நினைத்துவிட்டீர்களா மாமா, பயணச்சீட்டும் கிழிப்பீர்களா என்று வெல்டர் கேட்டான். டேய், போய் டீ போடு என்று அக்கா அவனை அனுப்பினார்.

அவன் போன பிறகும் மூச்சம்மா இறங்கவில்லை. பெல்ட்டையும் கழற்றவில்லை. டேப்புக்காரர் தகரத்திலிருந்த துளையைப் பார்த்தபடி, எறும்பு என்று பொய் சொல்லி அன்றைக்கு அளந்தேன், கேட்டு அளந்திருந்தால் இங்கேயே உட்காரவைத்து அளந்திருப்பேன் என்றார். மன்னிப்பு மாதிரியும் இருந்தது, வேலைக்குறிப்பு மாதிரியும் இருந்தது.

"டேப்பு இழுக்கற சத்தம் எனக்குக் கேக்காதா? எத்தனை வருஷமா கேக்கறேன். அளக்கறீங்கன்னு தெரிஞ்சுதான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு அசையாம இருந்தேன். எறும்பாம், எறும்பு."

டேப்புக்காரர் தலையை ஆட்டினார். பிறகு டேஷ்போர்டை மூடியிருந்த துணியை எடுத்தார். மூச்சம்மா பள்ளத்தைப் பார்த்தார், அதில் கட்டைவிரலை வைத்தார். பெட்டியா என்று கேட்டார். ஆமாம் என்றார் அவர். வலித்திருக்கும் என்றார் மூச்சம்மா. யாருக்கு என்று சொல்லவில்லை.

இரண்டாவது துளைக்கு அவரை உட்காரவைத்தே குறி போட்டார்கள். மூச்சைப் பிடிக்கட்டுமா என்று மூச்சம்மா கேட்டதற்கு, வேண்டாம், சாதாரணமாக உட்கார், வண்டியில் போகும்போது யார் மூச்சைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்றார் டேப்புக்காரர். தகரச் சுவரின் மேல்விளிம்பு அவர் தோளுக்குச் சற்று மேலே முடிந்ததால், போல்ட்டுக்கு மயிரிழை அளவே இடம் இருந்தது. தகட்டை வளைத்து விளிம்புக்கு மேலாகக் கவிழ்த்துப் பற்றவைத்தான் வெல்டர். நன்றாகவே செய்தான். ஓட்டுநர் பக்கத்திலும் ஒன்று போட்டார்கள். அதில் ஒரே துளை. மாட்டிய பின் வெல்டரும் டேப்புக்காரரும் இரண்டு பட்டைகளிலும் மாறி மாறித் தொங்கிப் பார்த்தார்கள். தகரம் முனகவில்லை.

அடுத்த ஞாயிறு இருவரும் போனார்கள். ஸ்பேனர் பெட்டி காரின் பின்பக்க டிக்கிக்குள் போனது. வெளிவட்டச் சாலைவரை போய், ஒரு கடையில் காபி குடித்துவிட்டுத் திரும்பினார்கள். காற்றில் தலைமுடி போயிற்று என்று மூச்சம்மா குறைப்பட்டார். எட்டு வருடம் செய்த காரை எட்டு மைல் வேகத்திலா ஓட்டுவது என்றும் கேட்டார். அதன்பின் மழை இல்லாத ஞாயிறுகளில் அவர் வாசலில் நிற்கவில்லை.

அந்த முதல் துளை மட்டும் மிஞ்சியது. இருக்கைச் சாய்மானத்துக்கு மேலே, கட்டைவிரல் நுழையும் அளவில், பச்சைத் தகரத்தில் கறுப்பாக. கதவைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது அதுதான். வெல்டர் அதை அடைத்துத் தருகிறேன் என்றான். சின்னத் தகரத்துண்டு வைத்துப் பற்றவைத்துத் தேய்த்தால் தடமே தெரியாது, அதே பெயிண்ட் டப்பாவில் மிச்சம் இருக்கிறது. இருக்கட்டும் என்றார் டேப்புக்காரர். அவசரமில்லை என்று சொல்கிறாரென்று வெல்டர் நினைத்தான்.

வருடத்துக்கு ஒருமுறை பழைய கார்க்காரர்கள் ஒரு மைதானத்தில் கூடுவார்கள். தொழிற்சாலை வடிவம் மாறாத காருக்குக் கேடயம் உண்டு. சங்கத் தலைவர் காரைச் சுற்றி வந்து, திருகாணி திருகாணியாகப் பார்த்து, கடைசியில் துளையருகே நின்றார். பெல்ட் பாதுகாப்புக்கானது, அதைக் குறையாக எடுப்பதில்லை என்றார். இந்த ஓட்டை எதற்கு என்று கேட்டார். தப்பாக அளந்தது என்றார் டேப்புக்காரர். அப்படியானால் அடைத்துவிட்டு அடுத்த வருடம் வாருங்கள், கேடயம் உங்களுக்குத்தான் என்று தலைவர் தோளில் தட்டினார். பக்கத்தில் நின்ற மூச்சம்மா கணவரைப் பார்த்தார். கணவர் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் கொட்டகையில் மீதிப் பச்சைப் பெயிண்டை எடுத்துக் கலக்கினார். அடைக்கப்போகிறார் என்று நினைத்து வெல்டர் பற்றவைக்கும் இயந்திரத்தைக்கூடத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். டேப்புக்காரர் அரத்தை எடுத்தார். துளையின் உள்விளிம்பை, கை வைத்தால் கிழிக்காதபடி, சுற்றிலும் மழுக்கினார். துரு பிடிக்காமல் இருக்க மெல்லிய தூரிகையால் அந்த விளிம்புக்கு மட்டும் இரண்டு பூச்சுப் பூசினார். காயும்வரை காத்திருந்து, டப்பாவை மூடி, மூடியின் மேல் தட்டி அழுத்தினார். துளையைத் திறந்தே விட்டுவிட்டார். அடுத்த வருடமும் கார் அப்படியேதான் மைதானத்துக்குப் போனது.